இரண்டு ஆண்டு தக்காளி வைக்காத நிலத்தில் வாடல் பாக்டீரியா எங்கே இருந்தது?

கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் தக்காளியில் பாதிக்கு மேல் பச்சையாகவே வாடிச் செத்தது. பாக்டீரியா வாடல் என்று ஆய்வகத்தில் உறுதி செய்தார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அந்த நிலத்தில் மக்காச்சோளமும் வெங்காயமும் மட்டுமே வைத்தீர்கள். தாமிர மருந்தை இரண்டு முறை கரைத்து மண்ணில் ஊற்றினீர்கள். நடவுக்கு முன் மண்ணைச் சோதனைக்கு அனுப்பியபோது கிருமி இல்லை என்று முடிவும் வந்தது. இந்த ஆண்டு தக்காளி நட்டதும் நாற்பதாம் நாளில் மறுபடியும் அதே வாடல். இந்தப் பாக்டீரியா ஸ்போர் என்னும் கெட்டி உறையுள்ள உறக்க வடிவத்தை உண்டாக்காது என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் வெயில், வறட்சி, பட்டினி, மருந்து எல்லாவற்றையும் தாண்டி அது எப்படி உயிரோடு இருந்தது என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அது எந்த நிலையில் இருந்தது என்பது ஒன்று, எங்கே இருந்தது என்பது மற்றொன்று. நீங்கள் கேட்டது முதலாவது. உங்கள் நிலத்துக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவது. பயிர் நோய் மாதிரிகளைப் பார்த்து முடிவு சொல்லும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நிலத்தையோ செடியையோ நான் பார்த்ததில்லை. ஆகவே, அங்கே இதுதான் நடந்தது என்று சொல்லமாட்டேன். என்னென்ன நடந்திருக்கலாம், அவற்றில் எதற்குச் சான்று வலுவானது, எதற்கு இன்னும் வலுப்போதாது என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

நாம் பேசுவது ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பெயரில் வழங்கும் ஒரு பாக்டீரியாக் கூட்டத்தைப் பற்றி. 1896இல் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க நோயியலாளர் இதை விவரித்தார். நான் படித்த காலத்தில் இதன் பெயர் சூடோமோனாஸ் சொலனேசியாரம். 1992இல் புர்கோல்டேரியா என்று மாற்றினார்கள், 1995இல் ரால்ஸ்டோனியா ஆக்கினார்கள், 2014இல் இதையே மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். நம் பக்கத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி ஆகியவற்றில் பெரும்பாலும் காணப்படுவது அந்தப் பிரிவினையில் ரால்ஸ்டோனியா சூடோசொலனேசியாரம் என்ற பெயரைப் பெற்றது. வேளாண் கடையில் ‘சூடோமோனாஸ்’ என்று வாங்கி வந்து நாற்றில் நனைக்கிறோமே, அந்த நன்மை செய்யும் பாக்டீரியாவும் இந்த நோய்க்கிருமியும் நெடுங்காலம் ஒரே குடும்பப் பெயரில் இருந்தவை என்பதைக் கேட்டால் விவசாயிகள் சிரிப்பார்கள். பெயர் எதுவானாலும் இது ஐம்பதுக்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் இருநூறுக்கு மேற்பட்ட செடி வகைகளில் தங்கக்கூடியது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் இந்தக் கிருமி மண்ணுக்கு எப்படி, எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம். வாடிய செடியின் அடித்தண்டைக் கத்தியால் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரை எடுத்து, வெட்டுவாய் நீருக்குள் சற்றே முங்கும்படி பிடித்துக்கொண்டு ஆட்டாமல் நில்லுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து மெல்லிய வெள்ளை நூல் ஒன்று பால் கசிவதுபோல் கீழ்நோக்கி இறங்கும். நூலுக்குப் பின் நூலாக இறங்கி, சற்று நேரத்தில் தம்ளர் நீர் முழுவதும் கலங்கிவிடும். அது முழுக்கப் பாக்டீரியாவும் அது சுரக்கும் பசையும்தான். பூஞ்சையால் வாடிய செடியில் இந்தப் பால் நூல் வராது. வாடி விழும் நிலையிலுள்ள ஒரு தக்காளித் தண்டின் ஒரு கிராமில் நூறு கோடிப் பாக்டீரியாக்கள்வரை இருக்கும். அவ்வளவும் வேர் வழியாகவும் அழுகும் தண்டு வழியாகவும் மண்ணுக்குப் போய்ச் சேர்கின்றன.

போய்ச் சேர்வதில் மிகப் பெரும்பங்கு செத்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை. நீங்கள் படித்தது சரிதான், இது ஸ்போர் உண்டாக்குவதில்லை. ஆந்த்ராக்ஸ் கிருமியைப் போலக் கெட்டியான உறைக்குள் சுருண்டு பல்லாண்டு காத்திருக்கும் திறன் இதற்குக் கிடையாது. காய்ந்த மண்ணில் இது தாங்காது. கோடை உழவு செய்து புழுதியைப் புரட்டிப் போட்டால் மேல்மண்ணில் இதன் எண்ணிக்கை வெகுவாகச் சரிகிறது. கோடை உழவை நம் முன்னோர் களைக்கும் ஈரத்துக்கும் சொன்னார்கள், அது இதற்கும் உதவுகிறது. உடல் வலிமையை வைத்துப் பார்த்தால் இது அப்படியொன்றும் இரும்பு மனிதன் அல்ல. வறட்சி, வெயில், பட்டினி எல்லாவற்றையும் நேருக்கு நேர் எதிர்த்து வென்றது என்ற படத்தை மனத்தில் வரைந்துகொண்டால்தான் அது புதிராகத் தெரியும். உண்மையில் அது பெரும்பாலும் எதிர்த்து நிற்பதில்லை. அந்த நெருக்கடி எட்டாத இடத்துக்கு ஒதுங்கிக்கொள்கிறது. நீச்சல் தெரிந்தவனைவிட மேட்டில் வீடு கட்டியவன் வெள்ளத்தில் பிழைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒதுங்கிடங்களில் முதலாவது மண்ணின் ஆழம். கலப்பையும் வெயிலும் எட்டாத அடிமண்ணில் ஈரம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். வெப்பநிலையும் அதிகம் ஏறி இறங்காது. உருளைக்கிழங்கைத் தாக்கும் வகை மேல்மண்ணைவிட அடிமண்ணில் நெடுநாள் பிழைத்திருப்பது 1970களின் இறுதியிலேயே ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது, முன்பயிரின் வேர்த்துண்டுகள். தண்டைப் பிடுங்கி எரித்துவிட்டோம் என்று சொல்லும்போது நாம் பிடுங்கியது மேலே இருந்த பாதியைத்தான். மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: உயிருள்ள வேர்கள். தக்காளி வைக்காத இரண்டு ஆண்டுகளில் அந்த நிலத்தில் தக்காளியே இல்லை என்று உறுதியாகச் சொல்வீர்களா? மக்காச்சோள வரிசைக்கு நடுவே தானாக முளைத்த நாலு தக்காளிச் செடியை யாராவது சட்னிக்கு ஆகும் என்று விட்டுவைத்திருப்பார்கள். வரப்போரத்தில் மணத்தக்காளி தழைத்திருக்கும். இவற்றின் வேரிலும் தண்டிலும் இந்தப் பாக்டீரியா நோய்க்குறி எதுவும் காட்டாமலேயே குடியிருக்க முடியும். செடி செழிப்பாக நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மக்காச்சோளம், வெங்காயம் போன்ற, நோய் காணாத பயிர்களின் வேரோரத்திலும்கூடச் சிறு எண்ணிக்கையில் அது நாள் கடத்தக்கூடும். ஆனால் களைகளோடு ஒப்பிட்டால் அது சிறிய பங்குதான்.

இங்கே ஒரு முரணைச் சொல்லவேண்டும். சுண்டைக்காய்ச் செடியின் வேர்ப்பகுதியில் கத்தரியை ஒட்டுக்கட்டி நட்டால் இந்த வாடலுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பது நன்கு தெரிந்த, பயன்தரும் முறை. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் தக்காளிக்கே கத்தரி வேரைப் பரிந்துரைக்கிறது. இந்த வேர்கள் நோயைத் தாங்குகின்றன. பெரும்பாலும் கிருமியை உள்ளே விடாமல் தடுப்பதில்லை, உள்ளே வந்ததைப் பெருகிப் பரவவிடாமல் அடக்கி வைக்கின்றன. எனவே ஒட்டுச்செடி பயிரைக் காப்பாற்றும், ஆனால் மண்ணைச் சுத்தப்படுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எதிர்ப்புத்திறன் உள்ள அர்கா ரக்ஷக் போன்ற தக்காளி வகைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நான்காவது ஒதுங்கிடம் நீர். இதற்கு மிகத் தெளிவான சான்று வெப்பமண்டலத்திலிருந்து வரவில்லை, குளிர்நாட்டிலிருந்து வந்தது. இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த, உருளைக்கிழங்கில் பழுப்பழுகல் உண்டாக்கும் ஒரு வகை ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. அங்குள்ள குளிர்காலத்தில் திறந்த வயலில் அது நீடிக்காது என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. ஆனால் 1970களில் சுவீடனிலும், 1990களில் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் அது ஆற்றோரங்களில் நிலைகொண்டிருப்பது தெரியவந்தது. நெதர்லாந்தில் 1995இல் அது பெரிய அளவில் வெடித்துக் கிளம்பியது. தேடிப் பார்த்தபோது, நம் மணத்தக்காளிக்கு உறவான சொலானம் டல்கமாரா என்னும் கொடி ஆறு, கால்வாய்க் கரைகளில் வேரை நீருக்குள் விட்டுக்கொண்டு வளர்வதையும், அந்த வேருக்குள் கிருமி நோய்க்குறியின்றிக் குளிர்காலத்தைக் கழிப்பதையும் கண்டார்கள். கோடையில் நீர் சூடேறியதும் வேரிலிருந்து பாக்டீரியா ஆற்றுக்குள் இறங்குகிறது. அந்த நீரைப் பாய்ச்சிய வயலில் உருளைக்கிழங்கு நோயுறுகிறது. குளிர்காலத்தில் ஆற்று நீரைச் சோதித்தால் ஒன்றும் அகப்படாது. எனவே, கிருமி கலந்த ஆற்று நீரைப் பாய்ச்சுவதற்கே அங்கே தடை விதிக்க வேண்டியதாயிற்று. மண்ணை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இதைப் பல காலம் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள்.

இந்தக் குளிர்நாட்டு வகையைப் பற்றி நெடுங்காலம் பாடம் நடத்துகையில், அது குளிரைத் தாங்கும் வலிமை கொண்டது என்று சொல்லிவந்தோம், நான் உட்பட. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தப் பேச்சைத் திருத்தியது. வெறும் நீரிலும் மண்ணிலும் குளிரில் வைத்துப் பார்த்தபோது அது வெப்பமண்டல வகைகளைவிடச் சிறப்பாகப் பிழைக்கவில்லை. குளிர்ந்த தட்பவெப்பத்தில் உயிருள்ள செடியோடு உறவாடும் திறன்தான் அதற்குக் கூடுதலாக இருந்தது. அதாவது இங்கும் பாக்டீரியாவின் தனி வலிமையைவிட அது குடியிருந்த செடிதான் கணக்கு. முன்பு நான் சொன்னதைத் திரும்பச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது.

இனி, அது எந்த நிலையில் இருந்தது என்ற உங்கள் நேர்க்கேள்விக்கு வருகிறேன். செடியும் இல்லை, உணவும் இல்லை என்னும்போது தனியே நிற்கும் ஒரு பாக்டீரியா என்ன செய்கிறது? இதில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. பட்டினி கிடக்கும்போது அதன் உடல் சுருங்குகிறது. குட்டைக் கோல் வடிவம் மாறி ஏறக்குறைய உருண்டையாகிறது. புதிய புரதம் செய்வதையும் பிரிந்து பெருகுவதையும் பெருமளவு நிறுத்திவிட்டு, இருக்கும் டிஎன்ஏவைப் போர்த்திக் காக்கும் புரதம், ஆக்சிஜன் நச்சை முறிக்கும் நொதிகள், டிரிஹலோஸ் என்னும் காப்புச் சர்க்கரை ஆகியவற்றில் கவனத்தைத் திருப்புகிறது. ஆய்வகங்களில் இந்தக் கிருமியைப் பாதுகாத்து வைக்கும் பழைய முறை என்ன தெரியுமா? கிருமி நீக்கிய வாலைவடிநீரில் கரைத்து, மூடி இறுக்கி, குளிர்பதனப் பெட்டியில்கூட வைக்காமல் அறையின் சாதாரண வெப்பத்தில் அலமாரியில் வைத்துவிடுவதுதான். எந்த உணவும் கிடையாது. ஒருமுறை அலமாரியைச் சுத்தம் செய்தபோது எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிட்ட குழாய் ஒன்று பின்வரிசையில் அகப்பட்டது. எறிந்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஓர் ஆசைக்கு ஒரு துளியை, கிருமி வளர்க்கும் ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் இழுத்து வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால், நடுவில் இளஞ்சிவப்பும் சுற்றிலும் வெண்மையுமாக, தட்டைச் சாய்த்தால் வழியும் கொழகொழப்பான புள்ளிகள். அந்த வண்ணம் அப்பாக்டீரியா இன்னும் நோய் உண்டாக்கும் திறனோடு இருப்பதைக் காட்டும் அடையாளம். 1950களில் ஆர்தர் கெல்மன் என்பவர் டெட்ரசோலியம் என்ற சாயத்தைச் சேர்த்து வகுத்த அந்தத் தட்டில், நோய்த்திறன் இழந்தவை சிறிய, அடர்சிவப்பான, காய்ந்த புள்ளிகளாக வரும்.

எட்டு ஆண்டு பட்டினி கிடந்து பிழைத்தது என்றால் மண்ணிலும் பிழைக்கும்தானே என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. குழாயில் இருந்தது சுத்தமான நீர், அங்கே எதிரி இல்லை. ஆற்று நீரையோ உயிருள்ள மண்ணையோ எடுத்துக்கொண்டால் இதை விழுங்கும் ஒற்றைச் செல் உயிர்கள், இதைத் துளைத்து அழிக்கும் வைரஸ்கள், இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும் பிற பாக்டீரியாக்கள் என்று ஒரு பெரும்படையே இருக்கிறது. அதே ஆற்று நீரைக் கிருமி நீக்கியும் நீக்காமலும் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், நீக்காத நீரில் இதன் எண்ணிக்கை விரைவாகச் சரிந்தது. வேடிக்கை என்னவென்றால், சற்றுக் குளிர்ந்த நீரில் அந்தச் சரிவு மெதுவாக நடந்தது, ஏனெனில் குளிரில் எதிரிகளும் மந்தமாகிவிடுகின்றன. ஆக, பட்டினியைவிட அக்கம்பக்கத்தாரே இதற்குப் பெரிய ஆபத்து. உங்கள் மண்ணில் தொழுவுரம், தழை என்று உயிரோட்டம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு இதன் வாழ்நாள் குறையும் என்று நான் நம்புகிறேன். ‘நம்புகிறேன்’ என்ற சொல்லைத் தெரிந்தே போடுகிறேன். போக்கு அப்படி, ஆனால் இத்தனை வண்டி எரு போட்டால் இத்தனை மாதம் என்று கணக்குச் சொல்லுமளவு அது தெளிவுபடவில்லை.

இப்போது விவாதத்துக்குரிய பகுதி. உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலை என்று ஒன்றைச் சொல்கிறார்கள். 1982இல் காலரா கிருமியை வைத்து முதலில் பேசப்பட்ட இந்தக் கருத்து, பின்னர் பல பாக்டீரியாக்களுக்கும் விரிந்தது. ரால்ஸ்டோனியாவைத் தாமிரக் கரைசலில் வைத்தபோதும், மிகக் குளிர்ந்த மண்ணிலும் நீரிலும் வைத்தபோதும் இப்படி ஆவதை 2001இலிருந்து ஆய்வுகள் காட்டியுள்ளன. தட்டில் எண்ணிக்கை பூஜ்யம். ஆனால் உயிருள்ள செல்லை மட்டும் வண்ணமேற்றும் சாயங்களைக் கொண்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஏராளமான செல்கள் இருக்கின்றன. இந்த அளவுக்கு ஐயமில்லை. அதற்கு ஒரு நல்ல விளக்கமும் உண்டு. நெருக்கடியில் தளர்ந்த செல்லுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை முறிக்கும் வலு குறைந்துவிடுகிறது. ஊட்டம் நிறைந்த தட்டில் திடீரென்று அதை வைக்கும்போது, பட்டினி கிடந்தவனுக்குத் தலைவாழை விருந்து வைத்ததுபோல, அந்த விருந்திலேயே உண்டாகும் பெராக்சைடு அதைக் கொன்றுவிடுகிறது. தட்டில் கேட்டலேஸ் என்னும் நொதியையோ சோடியம் பைருவேட்டையோ சேர்த்துவிட்டால் அவற்றில் ஒரு பகுதி மறுபடி வளர்வதைக் கொரிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஐயம் தொடங்குவது அடுத்த படியில். இப்படி ‘உறங்கிய’ செல்கள் செடியின் வேரருகே வந்ததும் விழித்தெழுந்து நோய் உண்டாக்கின என்று சில சோதனைகள் சொல்கின்றன. ஆனால் கோடிக்கணக்கான உறங்கும் செல்களுக்கு நடுவே, நம் தட்டுக்கு அகப்படாத ஐந்தாறு செல்கள் முழு விழிப்போடு இருந்து, அவையே செடியில் பெருகியிருந்தால் முடிவு வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடினமான வேலை. கண்ணாடிக் குடுவையில் நடப்பது விவசாயியின் வயலில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது அதைவிடக் கடினம். ஆகவே இரண்டு ஆண்டு உறக்கம்தான் உங்கள் நிலத்தில் நடந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் அறிந்ததைவிட அதிகமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஊற்றிய தாமிர மருந்தை இதோடு முடிச்சுப் போடலாமா என்றும் கேட்கத் தோன்றும். ஆய்வில் தாமிரம் கரைசலாக, செல்லோடு நேரடியாக உறவாடியது. வயலில் ஊற்றும் காப்பர் ஆக்ஸிகுளோரைடின் தாமிரம் களிமண்ணிலும் மக்கிலும் வெகு விரைவில் ஒட்டிக்கொள்ளும். வேர் ஆழத்துக்குப் பெரும்பகுதி போய்ச் சேராது. எனவே அது கிருமியை உறங்கவைத்தது என்பதைவிட, அதைப் பெரும்பாலும் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு இயல்பான விளக்கமாகப் படுகிறது. இதே காரணத்தால்தான் இந்த நோய்க்கு மண்ணில் ஊற்றும் மருந்துகள் எதன்மீதும் எனக்கு நம்பிக்கை குறைவு.

மண் சோதனை முடிவைப் பற்றி விளக்க வேண்டும், ஏனெனில் உங்கள் ஏமாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வழக்கமான முறையில் பத்து கிராம் மண்ணைத் தொண்ணூறு மில்லி நீரில் கரைத்து, அதில் மில்லியில் பத்தில் ஒரு பங்கைத் தட்டில் பரப்புவார்கள். கணக்குப் போட்டால் தட்டுக்கு வந்து சேர்ந்தது நூறில் ஒரு பங்கு கிராம் மண். அதில் ஒரே ஒரு புள்ளி முளைத்தால் கிராமுக்கு நூறு பாக்டீரியா என்று பொருள். கிராமுக்குப் பத்துதான் இருக்கிறது என்றால் தட்டு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஓர் ஏக்கரில் அரையடி ஆழத்துக்கு உள்ள மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. கிராமுக்குப் பத்து வீதம் பார்த்தால் 900 கோடிப் பாக்டீரியாக்கள். ‘இல்லை’ என்று ஆய்வகம் எழுதியதற்கு ‘எங்கள் தட்டில் அகப்படவில்லை’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. உறக்கநிலைக் கோட்பாடு இல்லாமலேயே இந்த எண்களைக் கொண்டு உங்கள் புதிரைப் பெருமளவு விளக்கிவிடலாம். இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு விவசாயி கொண்டுவந்த மண்ணுக்குக் கிருமி இல்லை என்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்து, அதை நம்பி அவர் கத்தரி நட்டு, இரண்டு மாதத்தில் வாடிய செடியைப் பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன் வந்து நின்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ‘சார், இது வேற நோயா இருக்குமா?’ என்று கேட்டார்.

அதற்குப் பின் நான் சொல்லிவரும் சோதனை எளிமையானது. நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், மேல்மண் மட்டுமின்றி ஓரடி ஆழத்திலும், வரப்போரத்திலும் வாய்க்கால் தலைப்பிலும் மண் எடுத்து, இடத்துக்கு ஒன்றாகத் தொட்டியில் நிரப்பி, எதிர்ப்புத்திறன் இல்லாத நாட்டுத் தக்காளியின் நாற்றை நடுங்கள். ஒரு வாரம் கழித்து வேர்ப்பக்கம் கத்தியை ஒருமுறை இறக்கிச் சில வேர்களை அறுத்துவிடுங்கள். மண்ணை ஈரமாக, தொட்டியை நல்ல வெப்பத்தில் வைத்திருங்கள். கிராமில் சில செல்கள் இருந்தாலும், வேருக்குள் நுழைந்த ஒன்று கோடியாகப் பெருகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இதிலும் வாடாமல் இருந்தால் கிருமி அறவே இல்லை என்று பொருளாகாது. ஆனால் தட்டுச் சோதனையைவிட இதை நான் நம்புவேன். வேரை அறுக்கச் சொல்வதற்குக் காரணம், இந்தப் பாக்டீரியா காயம் வழியாகவும் பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடுக்கு வழியாகவும்தான் எளிதாக நுழைகிறது. உங்கள் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் அந்தக் கத்தி வேலையை அது தினமும் செய்துகொண்டிருக்கும்.

எல்லாப் பயிர் பாக்டீரியாவும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். இலைமேல் வாழும் சாந்தோமோனாஸ் கூட்டத்துக்கு நெருக்கடி வேறு வகை, அங்கே வெயிலும் உலர்வும் நேரடியாகத் தாக்கும். அதன் மஞ்சள் நிறமி ஒளியால் விளையும் சேதத்தைக் குறைக்கிறது. சாந்தன் என்ற அதன் பசை காய்ந்துபோகாமல் காக்கிறது. ஐஸ்கிரீமிலும் சாஸிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்ப்பது முட்டைக்கோசுக் கறுப்பழுகல் கிருமி சுரக்கும் அதே சாந்தன்தான். அவை காய்ந்த விதையிலும் சருகிலும் காத்திருக்கும். எனவே அங்கே விதை நேர்த்திக்கு உள்ள மதிப்பு தக்காளி வாடலில் இல்லை.

அடுத்த பருவத்தில் நெல் வைத்து நீர் கட்டலாமா என்று எழுதியிருந்தீர்கள். வாய்ப்பிருந்தால் செய்யுங்கள், களையும் தானாக முளைக்கும் தக்காளியும் ஒழியும் என்பதற்காகவே அது பயன்தரும். ஆனால் காற்றில்லாமல் கிருமி மூச்சுமுட்டிச் சாகும் என்று மட்டும் கணக்கிட வேண்டாம். தக்காளித் தண்டுக்குள் நீரை மேலேற்றும் குழாய்களில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அங்கே இது நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்துப் பெருகிப் பழகியது. நீர் கட்டுவதோடு பசுந்தழையையோ தவிட்டையோ மிகுதியாக மண்ணில் கலந்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் சில வாரம் மூடிவைக்கும் முறை ஜப்பானிலும் நெதர்லாந்திலும் பயன்பாட்டில் உள்ளது. அதில் கிருமியைக் கொல்வதில் ஆக்சிஜன் இன்மை மட்டுமன்றி, தழை புளிக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்களும் பங்கு வகிக்கின்றன. பந்தல் போட்ட சிறு நிலத்துக்கு அது சாத்தியம், ஏக்கர்க் கணக்குக்குச் செலவு தாங்காது.

கடைசியாக, நாம் இருவரும் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்ட ஒன்று இருக்கிறது. பழைய கிருமிதான் உயிர்பிழைத்து வந்தது என்று எடுத்துக்கொண்டே இவ்வளவும் பேசினோம். அது இரண்டு ஆண்டில் உங்கள் நிலத்தில் அறவே அழிந்துபோய், இந்த ஆண்டு வெளியிலிருந்து புதிதாக வந்திருக்கவும் கூடும். நாற்றுப்பண்ணையில் வாங்கிய நாற்றின் வேர்மண்ணில் வந்திருக்கலாம். மேல்நிலத்துக்காரர் கத்தரி வாடி, அந்த வடிகால் உங்கள் வாய்க்காலில் கலந்திருக்கலாம். வாடகைக்கு வந்த உழவுக் கருவியில் ஒட்டிய மண்ணில் வந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி, நோய் தொடங்கிய இடத்தின் வடிவத்தைப் பார்ப்பது. மடையோரச் செடிகள் முதலில் வாடி, பின்பு பாத்தி வழியே உள்ளே இறங்கியிருந்தால் நீரைச் சந்தேகிப்பேன். மூன்றாண்டுக்கு முன் வாடிய அதே திட்டில் மறுபடியும் தொடங்கியிருந்தால் அடிமண்ணையும் களையையும் சந்தேகிப்பேன். நிலம் முழுக்க ஆங்காங்கே தனித்தனிச் செடியாக ஒரே வாரத்தில் வாடியிருந்தால் நாற்றைத்தான் முதலில் விசாரிப்பேன். முதலில் வாடிய பத்துச் செடிகள் எங்கே நின்றன என்று ஒரு தாளில் நிலத்தை வரைந்து, மடை, வடிகால், வரப்போர மணத்தக்காளி ஆகியவற்றையும் குறித்து அனுப்புங்கள். இந்த மூன்றில் எதை முதலில் பார்ப்பது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.